வாசகரைத் தேடுவதா, வாசகரை ஆக்குவதா?

எழுதுவோர் பெருகினர், படிப்போர் அருகினர் என்னும் புலம்பல் இன்று வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்கள் பலவற்றிலும் கேட்கிறது. கொச்சிப் பகுதியில் வாழும் நம்மிடையேயும் அது கேட்கிறது. அண்மைக் காலத்தில் அப்புலம்பல் ஒரு தீர்மானமாகவே உருக்கொள்ளத் தொடங்கியுள்ளது. "சங்கத்தின் வலைப்பூவை எவரும் பார்ப்பதில்லை, அதனை மூடிவிடலாம், இனி எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குழுவிலும் முகநூலிலும் போட்டுவிட்டால் போதும்" என்று நல்லெண்ணம் படைத்த அன்பர் பலர் கூறிவருகின்றனர். வேறு சிலரோ, வலைப்பூ இருக்கட்டும், ஆனால் நாள்தோறும் நான்கு பதிவுகள் இடவேண்டும், கண்ணைப் பறிக்கும் தலைப்பு வைக்கவேண்டும், உறுப்பினர் ஒவ்வொருவரும் தவறாமல் விருப்பக்குறி இடவேண்டும் என்று வழி சொல்லுகின்றனர்.

இவ்விரு கட்சியாரையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். முன்னவர் வீட்டை இடித்துவிட்டுத் தெருவில் குடியிருக்கச் சொல்கின்றனர். பின்னவர் வீட்டினுள் ஒன்றும் வையாமல் வாயிலில் மேளம் கொட்டச் சொல்கின்றனர். இரண்டினாலும் விருந்தினர் வயிறு நிறையப்போவதில்லை.

இஃது ஏதோ கணிப்பொறிக்காரர்களின் சில்லறைத் தகராறு என்று எவரும் எண்ணிவிடல் ஆகாது. மட்டாஞ்சேரியிலும் கும்பளங்கியிலும் வளரும் நம் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கின்றனர். பாட்டி சொல்லுவது அவர்களுக்கு விளங்குகிறது. பாட்டிக்கு வந்த கடிதத்தைப் படிக்கத் தெரியவில்லை. இப்பிள்ளைகள் நாளை, "நம் குடும்பம் இவ்வூருக்கு ஏன் வந்தது? வந்தவர் என்ன தொழில் செய்தனர்? எந்தத் தெருவில் இருந்தனர்?" என்று கேட்கும்பொழுது விடை கிடைக்கும் இடம் எது? அந்த இடத்தை மூடுவதா, திறந்து வைப்பதா என்பதே நம் முன் நிற்கும் வினா.

கொச்சி நமக்குக் கற்பித்த பாடம்

வாசகரை எங்ஙனம் பெறுவது என்னும் வினாவுக்கு விடை தேடி நாம் அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டியதில்லை. நாம் வாழும் இவ்வூரே விடை வைத்திருக்கிறது. தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் வெளிவந்தது. அது 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். அதற்கடுத்த ஆண்டு, 1579 நவம்பர் 14ஆம் நாள், 'கிரீசித்தியானி வணக்கம்' என்னும் நூல் இதே கொச்சியில் அச்சேறியது. இந்திய மொழிகள் பலவும் அச்சு மையைக் காணாத காலத்தில் நம் மொழி கொச்சியில் அச்சில் நின்றது. இச்செய்தியை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

அந்நூல்களை உருவாக்கிய அன்றிக்கே அடிகளார் போர்த்துக்கீசியர். அவர் யாருக்காக எழுதினார் என்பதே ஈண்டு நாம் கருதத்தக்கது. முத்துக்குளித்துறைப் பரதவ மக்களுக்காக எழுதினார். அவர்களிடையே பல்லாண்டு வாழ்ந்து, அவர்கள் பேசும் மொழியைக் கற்று, அம்மொழியின் நடையிலேயே எழுதினார். அச்சுப் பணிக்கு அக்கடற்கரை மக்களே பொருள் திரட்டிக் கொடுத்தனர் என்று வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். அச்சுப்பொறி வருமுன்னரே வாசகர் ஆயத்தமாயிருந்தனர். நூல் வெளிவந்தபின் வாசகரைத் தேடி அலைய வேண்டிய நிலை ஏற்படவில்லை.

பின்னைய வரலாறும் இதனையே உறுதிப்படுத்துகிறது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, முன்கூட்டியே நூலைப் பெற இசைந்தோரிடம் கையொப்பம் வாங்கினார். கையொப்பமிட்டவர் ஒவ்வொருவரும் பெயரும் ஊரும் உடைய வாசகர். 1920இல் பாரதியார் தம் எழுத்துக்களை நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் படிகளாக வெளியிடத் திட்டமிட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார்; மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் வீடுதோறும் புழங்கும் என்று நம்பினார். அத்திட்டம் அவர் வாழ்நாளில் நிறைவேறவில்லை. ஆயினும் அவர் நம்பிக்கையின் அடிப்படை எது என்பதைக் காணவேண்டும். அன்றாடப் பயன் உள்ள பொருள் விலைபோகும் என்பதே அது. தம் எழுத்து அத்தகைய பொருள் என்னும் உறுதி அவருக்கு இருந்தது. நம் வலைப்பூவில் உள்ள எழுத்து அத்தகைய பொருளா என்று நாம் ஒரு நாளேனும் கேட்டுக்கொண்டதுண்டா?

"விளம்பரம் இன்றி எது விற்றது? எஸ்.எஸ்.வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்கிக் குறுக்கெழுத்துப் போட்டி வைத்தல்லவா அதனை வளர்த்தார்?" என்று மாற்றுக் கட்சியார் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. போட்டி வைத்தார், மக்கள் வந்தனர். வந்தவர் தங்கியது எதனால்? கல்கியின் எழுத்தும் அவரையொத்தாரின் எழுத்தும் உள்ளே இருந்தமையால் அன்றோ? பரிசுக்காக வந்தவன் படிப்பதற்காகத் தங்கினான். படிக்க ஒன்றும் இல்லாத ஏட்டிற்கு எத்துணைப் பரிசு வைத்தாலும், பரிசு முடிந்த மறுநாள் அவன் போய்விடுவான்.

எண்ணிக்கை என்னும் மயக்கம்

முகநூலில் ஐந்நூறு விருப்பக்குறி பெற்ற பதிவு ஐந்நூறு பேரால் படிக்கப்பட்டது என்று நம்புவோர் நம்மிடையே உளர். கைவிரல் ஒரு முறை தொடுவதற்கு நொடிப்பொழுது போதும். ஒரு பக்கம் படிப்பதற்குச் சில நிமிடம் வேண்டும். விருப்பக்குறி இட்டோர் பலர் நம் மேல் உள்ள அன்பினால் இட்டவர். சிலர் தம் பதிவுக்கு நாம் இட்டதற்கு மொய் திருப்பியவர். மொய்ப்பணத்தை வைத்து ஒருவன் தன் வருமானத்தைக் கணக்கிடலாமா?

இம்மேடைகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதையும் அறிதல் நலம். முகநூல் நிறுவனத்தின் வருவாய் பெரும்பாலும் விளம்பரத்தினால் வருவது. மக்கள் எவ்வளவு நேரம் திரையைவிட்டு அகலாதிருக்கின்றனரோ அவ்வளவு வருவாய். ஆதலின் எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்பதை அங்குள்ள கணிப்பொறியே முடிவு செய்கிறது. சண்டையும் சச்சரவும், கண்ணீரும் கேலியும் மேலே மிதக்கின்றன. பொறுமையாகப் படிக்க வேண்டிய கட்டுரை அடியில் தங்கிவிடுகிறது. இதில் கணிப்பொறிமேல் கோபங்கொண்டு பயனில்லை. சந்தைக்குரிய இயல்பு அது. அச்சந்தையின் அளவுகோலை நம் சங்கத்தின் அளவுகோலாக ஏற்பதுதான் பிழை.

வாட்ஸ்அப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? வதந்தி பரவி உயிர்ச்சேதமும் நேர்ந்தபின், 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்குமேல் முன்னனுப்ப இயலாதவாறு அந்நிறுவனமே தடை விதிக்க நேர்ந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று அது மேலும் இறுக்கியது. பெயரற்ற எழுத்து அங்கே எத்துணை விரைவாகப் பெருகுகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. நம் உறுப்பினர் ஒருவர் உழைத்து எழுதிய குறிப்பு, மூன்றாம் கைக்குப் போகும்போதே எழுதியவர் பெயரை இழந்துவிடுகிறது. அல்லது பாரதியார் பெயரையோ அப்துல் கலாம் பெயரையோ சூடிக்கொண்டு நம்மிடமே திரும்பி வருகிறது.

அரசு அலுவலகத்தில் பணிபுரிவோர் அனைவரும் ஓர் உண்மையை அறிவர். கோப்பில் சேராத தாள் எத்துணை இன்றியமையாததாயினும் இல்லாத தாளே. அதற்கு எண் இல்லை, நாள் இல்லை, ஆறு திங்கள் கழித்துத் தேடினால் அகப்படாது. வாட்ஸ்அப் குழுவில் இட்ட கட்டுரை அத்தகைய உதிரித் தாள். குழுவுக்கு வெளியே உள்ள எந்தத் தேடுபொறியும் அதனைக் காணாது. திருநெல்வேலியில் இருக்கும் ஒருவர், கொச்சிக்குக் குடிபெயர்ந்த தம் முன்னோரைப் பற்றி இணையத்தில் தேடினால், நம் குழுவில் உறங்கும் செய்தி அவர் கண்ணில் படுமா? ஒருநாளும் படாது. வலைப்பூவில் இருந்தால் படும். அங்கே நம் கட்டுரைக்கு முகவரி உண்டு.

தெருவும் வீடும்

இரவல் மேடையையே வீடாக எண்ணியிருந்தோர் கதையைச் சிறிது நோக்குவோம். ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பெற்றது. அதனோடு பலர் கட்டிவைத்த பக்கங்களும் மறைந்தன. ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பெற்றது. கூகிள் பிளஸ் 2019 ஏப்ரலில் மறைந்தது. மரத்தடி, ராயர் காபி கிளப் போன்ற தமிழிலக்கியக் குழுக்கள் கூடி உரையாடிய யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் அடைக்கப்பெற்றன. டிக்டாக் 2020 ஜூனில் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது; அதில் பல இலட்சம் பேரைத் தம் பின்னால் சேர்த்திருந்தவர் ஓரிரவில் தனியராயினர். இன்று நிலைபெற்றவை போலத் தோன்றும் மேடைகளுக்கும் நாள் குறிக்கப்படாது என்று எவர் உறுதி கூற இயலும்?

"வலைப்பூவும் ஒரு நிறுவனத்தின் இடந்தானே? அதுவும் ஒருநாள் மூடப்படலாமே?" என்பது நேர்மையான மறுப்பு. உண்மைதான். ஆயினும் வேறுபாடு ஒன்று உளது. வலைப்பூவில் உள்ள அனைத்தையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். வேறோரிடத்தில் அப்படியே ஏற்றலாம். வாடகை வீடேயாயினும் சாமான்கள் நம்முடையவை. வண்டி பிடித்துப் போய்விடலாம்.

தமிழ் வலைப்பூக்களின் வரலாறே இதற்குப் பாடமாகும். 2003ஆம் ஆண்டளவில் அவை தோன்றின. எழுத்துருக்கள் பலவாய், ஒருவர் எழுதியது மற்றொருவர் திரையில் வெறுங்கட்டங்களாகத் தெரிந்த இடர்ப்பாடு, யூனிகோடு பரவியதால் நீங்கியது. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' என்னும் திரட்டி, எங்கெங்கோ எழுதுவோரின் புதிய பதிவுகளை ஒரே பக்கத்தில் காட்டியது. வளைகுடாவில் இருந்தவரும் சிங்கப்பூரில் இருந்தவரும் கனடாவில் இருந்தவரும் ஒருவரையொருவர் படித்தனர், மறுத்து எழுதினர், மறுப்புக்கு மறுப்பும் எழுதினர். அங்கே வாசகர் என்றும் எழுத்தாளர் என்றும் இரு சாதி இருக்கவில்லை. பின்னர் முகநூல் வந்தது. எளிமை கண்டு பலர் அங்கே குடியேறினர். அங்கே அவர்கள் எழுதியவற்றுள் சென்ற மாதத்துப் பதிவைத் தேடி எடுப்பதே அரிதாயிருக்கிறது. 2005இல் வலைப்பூவில் எழுதப்பெற்று அழிக்கப்படாத பதிவோ இன்றும் தேடினால் கிடைக்கிறது.

வீட்டை விடாது காத்தவர்க்கு வாசகர் வந்ததற்கும் சான்று உண்டு. ஜெயமோகன் 2014 சனவரியில் தொடங்கி 2020 வரை 'வெண்முரசு' நாவல் வரிசையைத் தம் தளத்தில் நாள்தோறும் ஓர் அத்தியாயமாக, கட்டணமின்றி வெளியிட்டார்; அவ்வரிசை 26 நாவல்களாக விரிந்தது. அவர் கருத்துக்களோடு உடன்படுவோரும் மாறுபடுவோரும் இருக்கலாம். குறித்த இடத்தில், குறித்த வேளையில், நீண்ட எழுத்தைத் தமிழர் தேடிவந்து படிப்பர் என்பது அதனால் மெய்ப்பிக்கப்பட்டது. "தமிழன் நாலு வரிக்குமேல் படிக்கமாட்டான்" என்று சலித்துக்கொள்வோர் இதற்கு விடை கூறட்டும்.

புலம்பெயர்ந்தோர்க்கு இதனினும் நெருங்கிய சான்றுகள் உள. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு.கல்யாணசுந்தரம் ஒருங்கிணைப்பில் 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலரின் கைகளாலேயே தமிழ் நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றியது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதைக் கண்ட ஈழத்தமிழர், 2005இல் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தைத் தொடங்கினர். இழந்தவர்க்கே சேமிப்பின் அருமை தெரியும். நாமோ எவரும் தீவைக்காமலே நம் ஏட்டை நாமே மூட முனைகிறோம்.

கடையில் சரக்கு வேண்டும்

இனி, வீட்டினுள் என்ன வைப்பது என்னும் வினாவுக்கு வருவோம். நம் வலைப்பூவைத் திறந்து பாருங்கள். பொங்கல் வாழ்த்து, தீபாவளி வாழ்த்து, தலைவர் உரை, பொன்னாடை போர்த்திய படம், திருக்குறளின் பெருமை பற்றிய பொதுவான கட்டுரை. இவற்றுள் எதுவும் தீயதில்லை. ஆனால் இவற்றைப் படிக்க ஒருவர் ஏன் கொச்சிக்கு வரவேண்டும்? திருக்குறளின் பெருமையை நம்மினும் நன்றாகச் சொல்ல மதுரையில் ஆயிரம் பேர் உளர். கொச்சித் தமிழரால் மட்டுமே சொல்லக்கூடியது எதுவோ அதுவே நம் சரக்கு.

கும்பளங்கியையே எடுத்துக்கொள்வோம். காயல் சூழ்ந்த இச்சிற்றூர் 2003இல் முன்மாதிரிச் சுற்றுலாக் கிராமமாக ஆக்கப்பெற்றது. 2019இல் வந்த 'கும்பளங்கி நைட்ஸ்' திரைப்படத்தால் இதன் பெயர் தமிழ்நாட்டு இளைஞர் வாயிலும் புழங்கியது. 2022 சனவரியில் இவ்வூராட்சி, மாதவிடாய்க் கிண்ணங்களைப் பெண்களுக்கு வழங்கி, சானிட்டரி நாப்கின் இல்லாத நாட்டின் முதல் ஊராட்சியாக அறிவிக்கப்பெற்றது. ஆங்கில ஏடுகளும் மலையாள ஏடுகளும் இதனை எழுதின. இங்கேயே குடியிருக்கும் தமிழ்ப் பெண்கள் அதனை எங்ஙனம் ஏற்றனர், தயங்கினரா, துணிந்தனரா என்பதை நம் வலைப்பூ எழுதிற்றா?

இங்குள்ள பொக்காளி வயலைப் பாருங்கள். மழைக்காலத்தில் உப்பைத் தாங்கும் நெல். அறுவடைக்குப்பின் அதே வயலில் காயல் நீரைத் தூம்பு வழியே விட்டுச் 'செம்மீன் கெட்டு'. நெல்லின் தாள் இறாலுக்கு உணவாகிறது. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரமாகிறது. காவிரிப் படுகையில் உப்பு ஏறிவரும் கடைமடை நிலத்து உழவர்க்கு இஃது எத்துணைப் பயனுள்ள செய்தி! கோடையில் காயல் நீர் இரவில் நீலமாய் ஒளிரும் 'கவரு' என்னும் காட்சியைப் பாருங்கள். நுண்ணுயிர்கள் அலைக்கப்படும்போது உமிழும் ஒளி அது என்று ஒரு பள்ளி மாணவி தமிழில் ஒரு பக்கம் எழுதினால், உலகெங்கும் உள்ள தமிழ்ப் பிள்ளைகள் படிக்கமாட்டார்களா?

கோட்டைக் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் உள்ள தோபிகானாவில் இன்றும் தமிழ் ஒலிக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் படையினரின் உடை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவரின் வழியினர் அவர்கள் என்பது வழிவழிச் செய்தி. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணியர் அவர்களைப் படம் பிடித்துச் செல்கின்றனர். அம்மக்களின் சொற்களை, அவர்கள் வாயாலேயே கேட்டு, அவர்கள் இசைவோடு நாம் பதிந்து வைத்திருக்கிறோமா? ஆண்டுவிழாவில் பொன்னாடைக்கு நேரம் கண்ட நாம் இதற்கு நேரம் காணவில்லை. வாசகர் வரவில்லை என்று குறைகூற நமக்கு உரிமை உண்டா?

செய்ய வேண்டுவன

மறுப்பதோடு நின்றால் அது வெறும் வாய்ச்சண்டையாகும். ஆகவே சில வழிகளைத் துணிந்து முன்வைக்கிறேன்.

நாள்தோறும் நான்கு பதிவு வேண்டாம். வாரத்திற்கு ஒன்று, குறித்த கிழமையில், தவறாது வரட்டும். பால்காரர் வரும் வேளை தெரிந்தால்தான் பாத்திரம் வாயிலுக்கு வரும். ஒவ்வொரு பதிவிலும் எழுதியவர் பெயரும் நாளும் ஊரும் பொருட்குறிப்பும் இருக்கட்டும். தலைப்பு உள்ளே இருப்பதைச் சொல்லட்டும். "இதைப் படித்தால் அதிர்ந்து போவீர்கள்" என்று எழுதி ஒருமுறை ஏமாற்றினால் அவ்வாசகர் மறுமுறை வாரார். ஒற்றுப்பிழையும் எழுத்துப்பிழையும் நீக்க இருவர் படித்தபின்னரே பதிவு ஏறட்டும்.

முகநூலையும் வாட்ஸ்அப்பையும் விலக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. அவை தண்டோரா போடுவதற்கு ஏற்ற தெருக்கள். கட்டுரை முழுவதையும் அங்கே கொட்டாமல், நான்கு வரியும் ஒரு படமும் வீட்டுக்கு வரும் வழியும் மட்டும் இடுவோம். எல்லாக் குழுவிலும் எல்லாவற்றையும் வீசாமல், பொக்காளிக் கட்டுரையை உழவர் குழுவிலும், தோபிகானாக் கட்டுரையை ஊர் வரலாற்று ஆர்வலரிடமும் சேர்ப்போம். வருவோர் இடும் கருத்துக்கு எழுதியவரே விடையளிக்கட்டும். வாசல் வரை வந்தவரை "வாருங்கள்" என்று சொல்லாத வீட்டிற்கு யார் மறுபடி வருவர்? பெங்களூரிலும் மும்பையிலும் மலேசியாவிலும் உள்ள தமிழர் எழுதுவதை நாமும் படித்து, அவற்றுக்கு நம் பக்கத்தில் இணைப்புக் கொடுப்போம். பிறரைப் படிக்காதவர் தம்மைப் படிக்கவில்லை என்று வருந்துவது முறையாகாது.

தமிழ் கேட்டால் விளங்கும், படிக்கத் தெரியாது என்னும் நிலையில் உள்ள பிள்ளைகளே நம் முதல் வாசகர். அவர்களுக்காக ஒவ்வொரு கட்டுரையையும் வீட்டுப் பெரியவர் ஒருவர் வாசித்த ஒலிப்பதிவையும் சேர்ப்போம். காதில் கேட்டுக்கொண்டே கண்ணால் வரியைத் தொடரும் பிள்ளை நாளடைவில் எழுத்தைக் கற்றுவிடும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொடுத்தால் எளிது என்பாரை நான் வன்மையாக மறுக்கிறேன். ஊன்றுகோலைக் கொடுத்துக் காலை வாங்கும் வணிகம் அது. மாறாக, சிறந்த கட்டுரைகளை மலையாளத்தில் பெயர்த்து வெளியிடுவோம். அண்டை வீட்டாரும் நம் வாசகராவர். நாம் இவ்வூரில் வெறுமனே வந்து தங்கியவர் அல்லர் என்பதும் விளங்கும். ஆண்டிறுதியில் அனைத்தையும் இறக்கி, இரண்டிடங்களில் படி வைத்து, தேர்ந்தவற்றை இது போன்ற மலரில் அச்சிடுவோம்.

இவ்வாறு செய்தால் பல்லாயிரவர் வந்து குவிவர் என்று நான் வாக்களிக்கமாட்டேன். முதலாண்டில் ஐம்பது பேர் வரலாம். ஆயினும் அவ்வைம்பதின்மர் கையொப்பம் இட்டவர்க்கு ஒப்பானவர். பெயரிட்டு மடல் எழுதுவர்; தவறு கண்டால் திருத்துவர்; தம் குடும்பக் கதையைத் தாமும் எழுத முன்வருவர். இன்றைய வாசகர் நாளை எழுத்தாளர் ஆவதே ஒரு சங்கத்தின் உயிர்.

நானூற்று நாற்பது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று, கொச்சியில் தமிழ் அச்சேறி. அன்று ஈயத்தில் எழுத்தை வார்த்து, தாளைத் தேடி, கப்பலில் படிகளை அனுப்பினர். இன்று அச்செலவு எதுவும் நமக்கில்லை. ஆகவே அடுத்த பொதுக்குழுவில் வலைப்பூவை மூடும் முன்மொழிவு வருமாயின் அதனை உறுதியாக எதிர்த்து வாக்களியுங்கள். அதனோடு நில்லாது, உங்கள் வீட்டு முதியவர் இவ்வூருக்கு வந்த கதையை ஒரு பக்கம் எழுதி, நாளும் பெயரும் இட்டு, அன்றே செயலாளரிடம் கொடுங்கள்.